பின்கூடத்து உடல்களை முன்னால் கொண்டு வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனித உடலைக் கொண்டாடும் ஓவிய, சிற்பக் கண்காட்சி பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வந்தது. அதைத் தொடர்ந்து, அங்கிருக்கும் சிலைகளுக்குத் துணி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கண்காட்சியையே மூட வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நேரில் போய்ப் பார்த்து வந்தேன். எனக்கும் அந்தக் கண்காட்சி மேல் ஒரு குறை உண்டு. ஆனால் அது வேறு குறை.

நான் பெண்களுக்கு உடை தைப்பவள். இளம் வயதிலிருந்து இதே தொழில்தான். டேப்போடு நிற்கும் என் முன்னால் வந்து நிற்கிறவர்கள், எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்பே தங்கள் உடம்புக்காக வருத்தம் தெரிவிக்கத் தொடங்கிவிடுவார்கள். “கொஞ்சம் குண்டாயிட்டேன்.” “கை தொளதொளன்னு இருக்கும், மறைக்கிற மாதிரி தைங்க.” பள்ளிக்கூடம் போகும் பெண்ணும் இதைத்தான் சொல்கிறாள், பேரன் பேத்தி எடுத்தவரும் இதைத்தான் சொல்கிறார். புற்றுநோய்க்கு ஒரு மார்பை எடுத்துவிட்ட ஒருவர், அதைச் சொல்ல வாய் வராமல் அளவு எழுதும் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். செயற்கை மார்பு வைத்துக்கொள்ள உட்புறம் சின்னப் பை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். இப்படி எத்தனையோ பேர். உடம்பைப் பார்த்து மக்கள் கெட்டுப்போகிறார்கள் என்கிறார் அந்த வாசகர். நான் தினமும் பார்ப்பது, தன் உடம்பையே நிமிர்ந்து பார்க்க முடியாத மக்களை.

இரண்டு தோளும் ஒரே உயரத்தில் உள்ள ஆளை நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் கொஞ்சமாவது இறங்கியிருக்கும். அந்தப் பக்கத் தோள் தையலைக் காலங்குலம் கூடுதலாகப் பிடித்தால்தான் சட்டை இழுக்காமல் உட்காரும். இந்தக் கண்ணோடு போனதால்தானோ என்னவோ, முன்கூடத்தில் இருந்த ஈட்டி வீரன் சிலையை விட்டு என்னால் வெகுநேரம் நகர முடியவில்லை. கிரேக்கச் சிற்பி பாலிகிளைட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வெண்கலத்தில் செய்தது அது. மூலச்சிலை அழிந்துவிட்டது. ரோமானியர் காலத்துப் பிரதிகள்தான் மிச்சம். இங்கே இருப்பது அவற்றில் ஒன்றின் வார்ப்பு. உடம்பின் எடை முழுக்க வலது காலில் இறங்குகிறது. அதனால் வலது இடுப்பு மேலே ஏறியிருக்கிறது, வலது தோள் கீழே சாய்ந்திருக்கிறது, நடுவில் முதுகுத்தண்டு மெல்ல வளைந்து இரண்டையும் சமன்செய்கிறது. நான் அளவெடுக்கும்போது “ரெண்டு காலையும் ஊனி நேரா நில்லுங்க” என்று ஓயாமல் சொல்வது இந்தச் சாய்வைத் தவிர்க்கத்தான். ஒரு காலில் நின்றால் பாவாடையின் அடிவிளிம்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்தச் சிற்பியோ அந்தச் சாய்வில்தான் உயிர் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். நம் சோழர் காலத்துச் செப்புத்திருமேனிகளில் அம்மன் தலை, இடை, கால் என்று மூன்று வளைவாக நிற்பதிலும் இதே உயிர்தான் ஓடுகிறது. இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது என்று அந்த வாசகர் எனக்குக் காட்ட வேண்டும்.

துணி கட்டும் யோசனையும் புதிதல்ல. மைக்கேலாஞ்சலோ 1541இல் வத்திக்கானில் முடித்த ‘இறுதித் தீர்ப்பு’ சுவரோவியத்தில் பலர் உடையில்லாமல் இருந்தார்கள். அவர் இறந்த மறுவருடமே, 1565இல், டானியேலே ட வோல்டெர்ரா என்ற ஓவியரை வைத்து அவர்கள் இடுப்பில் துணி வரையச் சொன்னார்கள். நல்ல ஓவியர் அவர். அந்த வேலையால் ‘கால்சட்டைக்காரர்’ என்ற பட்டப்பெயர்தான் நிலைத்தது. மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையின் வார்ப்பு ஒன்று 1857இல் விக்டோரியா மகாராணிக்கு அன்பளிப்பாக வந்தபோது, அரச குடும்பத்துப் பெண்கள் பார்க்க வரும் நாளில் மாட்டுவதற்கென்றே சாந்தில் ஓர் அத்தி இலை செய்தார்கள். அந்த இலை இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் தனிக் காட்சிப்பொருளாக இருக்கிறது. துணியோடு பழகுகிறவள் சொல்கிறேன்: ஒட்டுப் போட்ட இடத்துக்குத்தான் கண் முதலில் போகும். அந்தச் சிலைகளுக்குத் துணி கட்டினால், பார்க்கிறவர்கள் துணியை மட்டுமே பார்ப்பார்கள்.

இனி என் குறை. முன்கூடம் முழுக்க இளம் உடல்கள், கட்டான உடல்கள். முதுமை, ஊனம், நோய் எல்லாவற்றையும் மாடிப்படிக்குப் பின்னால், வெளிச்சம் குறைந்த ஒரு நடையில் ஒதுக்கிவிட்டார்கள். பாதிப் பேர் அங்கே போகாமலே திரும்புகிறார்கள்.

அந்த நடையில் என்ன இருக்கிறது தெரியுமா? அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல் 1980இல், தன் எண்பதாவது வயதில், தன்னையே ஆடையில்லாமல் வரைந்து முடித்த ஓவியத்தின் பிரதி. நீலக் கோடு போட்ட நாற்காலி, மூக்குக்கண்ணாடி, ஒரு கையில் தூரிகை. வயிறு சரிந்திருக்கிறது, மார்பு தொங்கியிருக்கிறது. பார்வையில் துளிக் கூச்சம் இல்லை. பக்கத்தில், லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் 2005 முதல் 2007 வரை நின்ற பளிங்குச் சிலையின் புகைப்படம். கைகள் இல்லாமல், கால்கள் குட்டையாகப் பிறந்த ஓவியர் அலிசன் லாப்பர் கர்ப்பிணியாக உட்கார்ந்திருக்கும் சிலை. செய்தவர் மார்க் குவின். அதே சதுக்கத்தில் உயரத் தூணில் நிற்கும் தளபதி நெல்சனும் போரில் ஒரு கையை இழந்தவர்தான். அதை யாரும் குறையாகப் பேசுவதில்லை, வீரம் என்கிறார்கள்.

அடுத்து காரைக்கால் அம்மையார். சோழர் கால வெண்கலத்தின் பெரிய புகைப்படம். அழகைச் சுமக்கும் தசை வேண்டாம் என்று வேண்டிப் பேயுருவம் பெற்றவர். காறையெலும்பு துருத்தி நிற்கிறது, விலா எலும்புகளை எண்ணிவிடலாம், மார்பு வற்றிப் படிந்திருக்கிறது. கையில் தாளம். பாடிக்கொண்டிருக்கிறார். அந்த எலும்புகளைச் செய்த சிற்பிக்கு அருவருப்பும் இல்லை, பரிதாபமும் இல்லை. அம்மனின் தோளுக்குக் காட்டும் அதே கவனத்தைத்தான் இந்தத் தோளுக்கும் காட்டியிருக்கிறார். என்னிடம் வருகிற ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இதன் முன்னால் நிறுத்த வேண்டும் போலிருந்தது.

கண்காட்சி நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த மூன்றையும் ஈட்டி வீரனுக்குப் பக்கத்தில் வையுங்கள். நல்ல வெளிச்சம் போடுங்கள். வயதானவர்கள் உட்கார்ந்து பார்க்க இரண்டு பெஞ்சு போடுங்கள். வார்ப்புச் சிலைகளில் ஒன்றையாவது பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்க விடுங்கள். உடம்பைக் கையால் அறிகிற வேலை செய்பவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். செய்தியோடு நீங்கள் போட்டது ஈட்டி வீரனின் படம். அடுத்த முறை அம்மையாரின் படத்தை, அரைப் பக்கமாவது வருகிற மாதிரி, போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்கடை வாசகி