ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்புங்கள்

தமிழ்த் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும் சீரியல் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் சின்னத்திரையில் அம்மா வேடம் போடுகிறவள். கதாநாயகிக்கு அம்மா, வில்லிக்கு அம்மா, நடுவில் இரண்டு தொடர்களில் மாமியார். பெயர் போடாமல் எழுதுகிறேன். அடுத்த மாதமும் எனக்குக் கால்ஷீட் வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒருநாள் மேனேஜர் போன் செய்தார். "அம்மா, உங்க போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்புங்க. சிரிச்ச முகமா இருக்கட்டும்" என்றார். ப்ரோமோவுக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மகள் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று, அரக்குக் கலர் பட்டுப்புடவையில், வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். பத்து நாள் கழித்து ராத்திரி எட்டரை மணிக்கு என் வீட்டு டிவியிலேயே அதைப் பார்த்தேன். பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு, சந்தன மாலை சாத்தி, முன்னால் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். என் மகனாக நடிக்கும் பையன் அதற்கு முன் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். கதையில் நான் ஊருக்குப் போன இடத்தில் விபத்தாம். எனக்கு அப்போதுதான் தெரியும்.

பக்கத்தில் என் மாமியார் இருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த எபிசோடு முடியும்வரை விடவே இல்லை.

அந்தத் தொடரில் நானூறு எபிசோடுகளுக்கு மேல் நடித்திருந்தேன். மறுநாள் காலை மேனேஜருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அப்புறம் ஒரு மெசேஜ் வந்தது: "ட்ராக் மாறிடுச்சும்மா, அடுத்த ப்ராஜெக்ட்ல பாக்கலாம்."

ட்ராக் மாறும் என்பது எனக்குத் தெரியாததில்லை. வியாழக்கிழமை ரேட்டிங் வருகிறது. எண் இறங்கினால் எழுத்தாளரைக் கூப்பிட்டுக் கதையைத் திருப்புகிறீர்கள். ஒரு சாவு வந்தால் அந்த வாரம் எண் ஏறும். அதில் எனக்கு வழக்கு கிடையாது. கதை உங்களுடையது. யாரைச் சாகடிப்பது, யாரை வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் உரிமையும் உங்களுடையதுதான். அந்த முடிவை அதில் நடிக்கிறவரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தில் நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

ஏன் கேட்கிறேன் என்றால், எங்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒரு நாள் நடித்தால் ஒரு நாள் காசு. அம்மா வேடத்துக்கு மாதத்தில் பத்து நாளோ பன்னிரண்டு நாளோ வேலை வரும், அதுவும் கதையில் அம்மாவுக்கு இடம் இருக்கும்வரை. அந்தக் காசும் நடித்த கையோடு வராது, இரண்டு மூன்று மாதம் ஆகும். பெரும்பாலும் புடவை எங்களுடையது. கல்யாண சீன் என்றால் ஒரே நாள் கதையை எட்டு நாள் எடுப்பார்கள். கண்டினியுட்டிக்காக அந்த எட்டு நாளும் அதே பட்டுப்புடவை, அதே ரவிக்கை. லைட் சூட்டில் வியர்த்து, ராத்திரி காயப்போட்டு, காலையில் ஏழு மணிக்குத் திரும்பக் கட்டிக்கொண்டு போக வேண்டும். சீன் பேப்பர் ஸ்பாட்டில்தான் வரும். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று ப்ராம்ப்ட் செய்யச் செய்ய, அதைக் காதில் வாங்கி, அழுகையும் கோபமும் கலந்து திருப்பிச் சொல்கிறோம். இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலை. குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் தொடருக்கு ஒதுக்கிய தேதிகளை நான் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அந்த வருஷம் மட்டும் இரண்டு தொடர்களுக்கு முடியாது என்று சொல்லியிருந்தேன். என் பாத்திரம் முடியப்போகிறது என்று ஒரு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் அதில் ஒன்றையாவது பிடித்திருப்பேன். அப்புறம் ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன்.

2020 உங்களுக்கும் நினைவிருக்கும். மார்ச்சில் படப்பிடிப்பு நின்றது. மே கடைசியில் அரசு முதலில் 20 பேர், பிறகு 60 பேர் என்று அனுமதி கொடுத்தது. திரும்பிப் போனபோது சில தொடர்களே இல்லை, சில தொடர்களில் ஆட்கள் மாறியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் தன் இடத்தில் வேறொருவர் நடிப்பதை 'இவருக்குப் பதில் இவர்' என்ற கார்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கார்டு போடும் முன் ஒரு போன் பண்ண இரண்டு நிமிஷம் போதும்.

பார்ப்பவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 'சித்தி' 1999-ல் தொடங்கியது. 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை ஆறு வருஷம், 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. அவ்வளவு காலம் தினமும் ஒரு முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது வீட்டு ஆள்தான். 2023 செப்டம்பர் 8 அன்று நடிகர் மாரிமுத்து 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசப்போன இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அதில் வில்லனாக வந்த அவரைத் திட்டித் தீர்த்த பெண்களே அன்றைக்கு அழுதார்கள். அவருடைய பாத்திரத்தில் பிறகு வேல ராமமூர்த்தி வந்து நடித்தார். அது யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத சாவு. எங்கள் கதைச் சாவுகள் அப்படியில்லையே. அறையில் உட்கார்ந்து பேசி, எழுதி, தேதி குறித்து எடுக்கிறீர்கள். படம் பிடிப்பவருக்குத் தெரிகிறது, எடிட்டருக்குத் தெரிகிறது, மாலை வாங்கப்போன ப்ரொடக்‌ஷன் பையனுக்கும் தெரிகிறது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். பாத்திரத்தை முடிப்பதானாலும் ஆளை மாற்றுவதானாலும் முப்பது நாள் முன்னால் தகவல், பாக்கிச் சம்பளம் கடைசி நாளிலேயே. முப்பது நாள் முடியாது என்றால் பதினைந்து நாள். சரி, அதுவும் முடியாத அவசரம் என்றால் எபிசோடு ஒளிபரப்பாகும் முன்பாவது இயக்குநரோ மேனேஜரோ நேரில் கூப்பிட்டுச் சொல்லட்டும். எனக்குச் சொல்லியிருந்தால் நானே வந்து அந்தக் கடைசி சீனை நடித்துக் கொடுத்திருப்பேன். மகனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போயிருப்பேன். அந்தப் பையன் நல்ல நடிகன். நாங்கள் இருவரும் சேர்ந்திருந்தால் அந்த சீன் இன்னும் நன்றாக வந்திருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், அந்தத் தொடரை எடுத்தவர்களுக்கு மட்டும். தொடர் முடிந்து செட்டும் பிரித்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அந்த ஃப்ரேம் போட்ட படம் ப்ராப்பர்ட்டி ரூமில் எங்காவது கிடக்கும். வேறு தொடரில் எடுத்து மாட்டிவிட வேண்டாம். என்னிடம் கொடுத்துவிடுங்கள், ஆட்டோ பிடித்து நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களில் நடித்த ஓர் அம்மா