பாஸ் பிள்ளைக்கு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் தருவது நல்ல திட்டம்தான். ஆனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை தனியாகப் பஸ் ஏறுமா? கொண்டுபோய் விடும் அப்பாவோ தாத்தாவோ காலையில் போக, வர, மாலையில் மறுபடியும் போக, வர என்று நான்கு டிக்கெட் எடுக்க வேண்டும். குழந்தைக்கு மிச்சமாகும் காசு அதிலேயே போய்விடுகிறது. கையில் காசில்லாத நாளில் பள்ளிக்கே லீவு.

ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்குட்பட்ட அனைவருக்கும் 2022 முதல் பஸ் இலவசம். லக்சம்பர்க்கில் 2020 முதல் பஸ், டிராம், சாதாரண வகுப்பு ரயில் எல்லோருக்குமே இலவசம். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் சரி, மாணவரின் பாஸுடன் வீட்டுப் பெரியவர் ஒருவருக்காவது இலவச பாஸ் தர வேண்டும். அப்புறம், அந்த பாஸ் விடுமுறை நாட்களிலும் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகள் நூலகத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் போவது அன்றைக்குத்தானே?

– ஒரு வாசகர்