ஆலய ஒலி அமைப்புத் திருப்பணி: சபையாருக்கு நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்குத் திருப்பணிக் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

ஒலி அமைப்பு வேலை தேவகிருபையால் முடிந்தது. காணிக்கை கொடுத்தவர்களுக்கு என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று விவரம் சொல்வது எங்கள் கடமை.

பின் பெஞ்சுகளில் பிரசங்கம் சத்தமாகக் கேட்கிறது, ஆனால் புரியவில்லை என்பதே பல வருடக் குறை. பெரிய ஸ்பீக்கர் போட்டால் தீரும் என்று சிலர் சொன்னார்கள். கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த கூரையும் உள்ள நம் ஆலயத்தில் ஒரு கைதட்டின் முழக்கம் அடங்க மூன்று விநாடிக்கு மேல் ஆயிற்று. கீர்த்தனைக்கு அது அழகு சேர்க்கும். பேச்சுக்கு ஆகாது. ஒரு சொல் ஓயுமுன் அடுத்த சொல் அதன்மேல் விழுகிறது. சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும்.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்துக்கும் இதே நோய் இருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று இரவுகளில் அளந்தார். கட்டட ஒலியியல் அங்கே தொடங்கியதுதான். அதே வழியில் நாமும் முதல் செலவைச் சுவருக்கே செய்தோம். பிரசங்க பீடத்திலிருந்து பின் சுவர் 20 மீட்டர். அங்கே மோதித் திரும்பும் குரல் 40 மீட்டர் நடந்து, ஏறக்குறைய 115 மில்லி செகண்ட் தாமதமாக முன்னால் வந்து தனி எதிரொலியாகக் கேட்டது. பின் சுவரில் துணி போர்த்திய ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய, ஒலியைக் குடிக்கும் பஞ்சு) பலகைகள் பதித்தபின் அது போய்விட்டது. பக்கச் சுவர்களைத் தொடவில்லை. பாட்டின் நிறைவு கெடக்கூடாது என்பதில் குழு ஒருமனமாக இருந்தது.

அடுத்து ஸ்பீக்கர். முன்னால் தூண்போல ஒல்லியாக நிற்கும் இரண்டு 'காலம்' (column) ஸ்பீக்கர்கள், 17 மீட்டர் தள்ளிப் பின் தூண்களில் சிறியவை இரண்டு. மின்சாரத்தில் வரும் ஒலி பின் தூணுக்கு உடனே வந்துவிடும், காற்றில் வரும் குரலோ நம் ஊர் வெக்கையில் விநாடிக்கு 349 மீட்டர்தான் ஓடும். அதனால் பின் ஸ்பீக்கர்களுக்கு 49 மில்லி செகண்டும், அதன்மேல் இன்னொரு 10-உம் தாமதம் வைத்தோம். முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே காது நம்பும். ஆகவே கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் ஆயர் பீடத்திலிருந்தே பேசுவதாகத் தோன்றும். இதைச் சரிபார்க்க ஒரு சனிக்கிழமை மாலை பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாகக் கேட்டுச் சொன்ன முதியவர்களை நன்றியோடு நினைக்கிறோம்.

மைக்கைக் குறைத்தது பாடகர் குழுவில் சிலருக்கு வருத்தம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். திறந்திருக்கும் மைக்குகள் இரு மடங்கானால், ஸ்பீக்கரின் சத்தம் மைக்கில் திரும்பப் புகுந்து ஊளை கிளம்பாமல் கூட்டக்கூடிய சத்தத்தில் 3 டெசிபல் போய்விடும். எட்டு இருந்த இடத்தில் இப்போது நான்கு. ஜெபம், வேதபாடம், பிரசங்கம் எது நடக்கிறதோ அந்த மைக் மட்டும் திறந்திருக்கும். விடியற்கால ஆராதனைக்கு ஆட்கள் குறைவு, ஒன்பது மணிக்கு ஆலயம் நிறையும். மனித உடலும் ஒலியைக் குடிப்பதால் இரண்டுக்கும் தனித்தனி அமைப்பை மைக்குகளின் ஒலியைச் சேர்த்து அளவு வைக்கும் டிஜிட்டல் மிக்சரில் பதிந்து வைத்திருக்கிறோம்.

காது கேட்கும் கருவி அணிவோருக்காக முன்வரிசை பெஞ்சுகளைச் சுற்றித் தரையடியில் ஒரு லூப் கம்பி ஓடுகிறது. கருவியை 'டி' நிலைக்கு மாற்றினால் மைக்கின் குரல் ஃபேன் இரைச்சலோ முழக்கமோ கலக்காமல் நேரே காதுக்கு வரும். சில கருவிகளில் அந்த வசதி இராது, வாங்கிய இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் திருப்பணியில் எங்களுக்கு மிகவும் மனநிறைவு தந்த வேலை இது.

கோபுரத்தில் வெளியே பார்த்திருந்த குழாய் ஒலிபெருக்கிகளை இறக்கிவிட்டோம். சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வழக்கில் 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் மேல்முறையீடு செய்ததும் ஒரு கிறிஸ்தவ சபைதான். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையும் இனி ஆலயத்துக்குள் மட்டுமே ஒலிக்கும். அக்கம்பக்கத்தில் பச்சைக்குழந்தையும் நோயாளியும் தூங்கும் வீடுகள் இருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யவேண்டியதே.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ரசீதுகளைச் செயலரிடம் பார்க்கலாம். ஜெனரேட்டருக்கு மாறும்போது மிக்சர் அணையாதிருக்க ஒரு யு.பி.எஸ். மட்டும் பாக்கி.

வேதபாடம் வாசிப்பவர்கள் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கவும். இரண்டு சாணானால் குரல் 6 டெசிபல் இறங்கும், கூட்டினால் ஊளை வரும். மைக்கைத் தட்டிப் பார்க்க வேண்டாம். மிக்சரில் உட்கார இரண்டு பேர் போதாது. வாலிபர், பெண்கள் யாராயினும் சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வந்தால் கற்றுக்கொடுக்கிறோம். பெயர்களை இந்த மாதத்துக்குள் செயலரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்