மலையோடைப் பாதையில் ஓர் இரவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அடுத்த மாதம் மலையோடையை ஒட்டிய பாதையில் நடந்துபோய், ஓர் இரவு கூடாரத்தில் தங்கிவிட்டு மறுநாள் திரும்பப் போகிறார்கள். ஒப்புதல் படிவத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் என்னுடைய வேண்டுகோள் ஒன்றைக் கேளுங்கள். முதுகுப்பையைப் பிள்ளையே கட்டட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கை மட்டும் வைக்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற பயணத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாணவனின் பையை வீட்டில் அவ்வளவு அக்கறையோடு கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு துணியிலும் சுருக்கம் இல்லை. ஆனால் மழைக்கோட்டு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பாறைமேல் வைத்துக்கொண்டே போனான். மாற்றுடை, கம்பளிச் சட்டை, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் நனைந்த பிறகு பையின் அடியிலிருந்து மழைக்கோட்டு வந்தது. அன்றிரவு என் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டும் அவன் நடுங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியிருந்தால் நல்லது. 15 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. 45 கிலோ இருக்கும் பிள்ளைக்கு ஆறே முக்கால் கிலோவுக்குள். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ என்பதை நினைவில் வையுங்கள். கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும். மழைக்கோட்டும் டார்ச்சும் எல்லாவற்றுக்கும் மேலே. உறங்கும்போது போடும் உடை தனி பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் கம்பளிச் சட்டை ஒன்று கட்டாயம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். அதோடு, இரவில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து இறங்கி ஓடைப் பள்ளத்தில் வந்து தேங்கும்.

புதுக் காலணி வாங்கியிருந்தால் இன்றிலிருந்தே தினமும் போட்டு நடக்கச் சொல்லுங்கள். குதிகாலில் சுருக்கென்று எரிந்தால் உடனே சொல்ல வேண்டும். கொப்புளம் வந்த பிறகு சொல்வதில் பயனில்லை. பல பிள்ளைகள் கூச்சப்பட்டுக்கொண்டு வாயைத் திறப்பதில்லை.

ஓடையைப் பற்றித்தான் உங்களுக்குக் கவலை இருக்கும். எனக்கும் உண்டு. நம் தலைக்குமேல் வானம் தெளிவாக இருந்தாலும் மலையுச்சியில் பெய்த மழை கீழே வெள்ளமாக வரலாம். ஆகவே கூடாரம் கரையோரத்தில் அடிக்கப்படாது, மேட்டில்தான் அடிப்போம். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ ஒருவரும் நீரில் இறங்கக் கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தும். குழுவில் குள்ளமான பிள்ளையின் முழங்காலுக்கு மேல் நீர் இருந்தால் திரும்பிவிடுவோம். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். தவறி விழுந்தால் பையை உடனே உதறிவிட முடியும். இதைப் பள்ளி மைதானத்தில் பலமுறை பழக்குகிறோம். பாதி வழியில் திரும்பி வந்தால் பிள்ளைகள் வாடிய முகத்தோடு வருவார்கள். தயவுசெய்து அன்று ஆசிரியர்களைக் குறை சொல்லாதீர்கள். அந்த முடிவை எடுக்கும் முழு அதிகாரத்தையும் அவர்களுக்கு நான் கொடுத்திருக்கிறேன்.

ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடிப்போம். விலங்குகளின் கழிவிலிருந்து வரும் ஜியார்டியா என்னும் நுண்ணுயிரி கண்ணுக்குத் தெரியாது. மலம் கழிப்பதும் பாத்திரம் கழுவுவதும் நீரிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி.

ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு, இரவில் படுக்கையை நனைத்தல் எதுவானாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பொறுப்பாசிரியரையும் என்னையும் தாண்டி அது போகாது. இருட்டைக் கண்டு பயப்படும் பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். ஆசிரியரின் கூடாரத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்குவோம். பாதையில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அன்றிரவு நான் பள்ளியில்தான் இருப்பேன், எந்நேரமும் அழைக்கலாம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை எல்லோரும் பையோடு பள்ளிக்கு வர வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு, முதலில் மழைக்கோட்டையும் பிறகு டார்ச்சையும் எடுத்துக்காட்ட வேண்டும். நீங்களும் வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்