எலும்புகள் காத்திருக்கும், தாய்மார் காத்திருக்க மாட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

யாழ்ப்பாணத்தின் செம்மணி சித்துப்பாத்தி இந்து மயானத்திலுள்ள மனிதப் புதைகுழியில் 2025 மே மாதம் அகழ்வு தொடங்கியதிலிருந்து, அதைப் பற்றிய செய்திகளில் எண்ணிக்கையே முதலிடம் பெற்று வருகிறது. இன்று இத்தனை எலும்புக்கூட்டுத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன, இதுவரை இத்தனை மீட்கப்பட்டன என்று வாசிக்கிறோம். அந்த எண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது. ஆனால் அவை யாருடைய எலும்புகள் என்று சொல்வதற்கு வேண்டிய மறுபாதி மண்ணுக்குள் இல்லை. எழுபதையும் எண்பதையும் கடந்து எங்கள் ஊர்களில் இன்னும் உயிரோடிருக்கும், போர்க்காலத்தில் காணாமற்போனோரின் தாய் தந்தையரின் குருதியிலும் நினைவிலும் அது இருக்கிறது. அகழ்வுக்கான நிதியைப் பற்றியும் சர்வதேசக் கண்காணிப்பைப் பற்றியும் நிறையப் பேசும் நாங்கள், இந்த மறுபாதியைச் சேகரிப்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தத் தாமதத்தின் விலை என்ன என்பதைச் சற்று விரிவாக எழுத அனுமதி கோருகிறேன்.

மரபணுப் பரிசோதனை என்றதும், எலும்பை இயந்திரத்தில் வைத்தால் பெயர் வெளியே வந்துவிடும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இயந்திரம் தருவது ஓர் எண் வரிசை மட்டுமே. மனித மரபணுத் தொகுதியின் சில இடங்களில் சிறு எழுத்துத் தொடர்கள் அடுத்தடுத்துத் திரும்ப வருகின்றன. அவை எத்தனை தடவை வருகின்றன என்பது ஆளுக்காள் மாறுபடும். ஒவ்வோர் இடத்திலும் ஒருவருக்கு இரண்டு எண்கள் உண்டு, ஒன்று தாய்வழி வந்தது, மற்றது தந்தைவழி வந்தது. அமெரிக்கக் குற்றப் புலனாய்வுத் தரவுத்தளம் 2017 முதல் இத்தகைய 20 இடங்களை அடிப்படையாகக் கொள்கிறது. எலும்பின் எண்களையும் உறவினரின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்கள் தாயும் பிள்ளையுமாக இருந்தால் இப்படி ஒத்துவருவதற்கு நிகழ்தகவு எவ்வளவு, எந்த உறவும் இல்லாதவர்களாக இருந்தால் எவ்வளவு என்று கணித்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்கிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் கிடைக்கும் விகிதங்களை ஒன்றோடொன்று பெருக்குகிறார்கள். உயர்தர வகுப்பு மாணவருக்கு விளங்கக்கூடிய கணிதந்தான் இது.

இதில் யாருடைய குருதி கையில் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில், மிக அரிதான பிறழ்வுகளைத் தவிர, ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது ஓர் எண் ஒத்துவந்தே தீரும். உடன்பிறந்தோருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஏதேனும் ஓர் இடத்தில் இரு சகோதரர்கள் பெற்றோரிடமிருந்து பொதுவான எண் எதையும் பெறாதிருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒன்றை மட்டும் பொதுவாகப் பெற்றிருக்க இரண்டில் ஒன்று. இரண்டையும் பொதுவாகப் பெற்றிருக்க நாலில் ஒன்று. ஆகவே ஒரு தம்பியின் மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு கணித்தால், உண்மையான அண்ணனின் எலும்பே வெளியாள் போலத் தோன்றலாம், வெளியாள் உறவினர் போலவும் தோன்றலாம். மச்சான் மச்சாள் முறை உறவுகளில், அதாவது மாமன் மாமி பிள்ளைகளிடம், பொதுவான பங்கு எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடும், அதிலிருந்து பெறும் விடை பெரும்பாலும் பயனற்றது. தாயும் தந்தையும் இருக்கும்போது இரண்டு துளிக் குருதியில் முடிந்திருக்கக்கூடிய காரியத்துக்கு, அவர்கள் போனபின் கனடாவிலும் சுவிசிலும் சிதறிக் கிடக்கும் நாலைந்து பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க வேண்டிவரும்.

இன்னொரு கணக்கையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இருநூறு எலும்புத் தொகுதிகளை ஆயிரம் குடும்பங்களோடு ஒப்பிட்டால் இரண்டு இலட்சம் ஒப்பீடுகள் ஆகின்றன. தற்செயலாக ஒத்துவரும் வாய்ப்பு இலட்சத்தில் ஒன்றுதான் என்றாலும், ஏறத்தாழ இரண்டு குடும்பங்களிடம் வேறொருவரின் எலும்பைக் கொடுத்துவிடுவோம். நீதிமன்றத்தில் ஒரு சந்தேகநபரை ஒரு தடயத்தோடு ஒப்பிடும் வேலையை விட இது பெரிய வேலை. பொசுனியாவில் காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு 99.95 சதவீத உறுதி கிடைத்தால்தான் அடையாளத்தை ஏற்றுக்கொண்டது என்பதற்கு இதுவே காரணம்.

எங்கள் கலியாண வழக்கமும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. மாமன் மகளை, மாமி மகனை முடிப்பது இன்று குறைந்துவிட்டாலும், காணாமற்போனோரின் பெற்றோர் தலைமுறையில் அது சாதாரணம். முறை மச்சான் மச்சாளுக்குப் பிறந்த பிள்ளையின் மரபணுவில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு இடங்களில் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவையாக இருக்கும். தீவகத்திலும் வடமராட்சியின் சில ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக ஊருக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அத்தகைய ஊரில் அரிதென்று கருதப்படும் ஓர் எண் அங்கே அரிதாக இராது. வேறிடத்து அட்டவணையைக் கொண்டு கணித்தால் உறவின் உறுதி இருப்பதைவிடக் கூடுதலாகத் தோன்றும். பால்டிங், நிக்கல்ஸ் ஆகிய ஆய்வாளர் இருவரும் 1994இல் இதற்கென ஒரு திருத்தச் சமன்பாட்டைத் தந்துள்ளார்கள். ஆனால் சமன்பாட்டுக்குள் இடுவதற்கு இந்த மண்ணின் எண்கள் வேண்டும். ஒன்றுக்கொன்று உறவில்லாத சில நூறு பேரிடம், ஊர் ஊராக, அவர்களின் விருப்பத்தோடு மாதிரி எடுத்தால் அந்த அட்டவணையை யாழ்ப்பாணத்திலேயே ஆக்கலாம். பிரயோக கணிதத்தில் ஆய்வுத் தலைப்புத் தேடும் பட்டதாரிகளுக்கு இதைவிட நல்ல தலைப்பு எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆர்ஜென்ரீனாவின் பாட்டிமார் இதை எங்களுக்கு முன்பே கண்டவர்கள். 1976 முதல் 1983 வரையான இராணுவ ஆட்சியில் பெற்றோர் கொல்லப்பட, பிறந்த குழந்தைகள் வேறு குடும்பங்களில் வளர்க்கப்பட்டனர். 1977இல் சங்கமாகத் திரண்ட பாட்டிமார், நடுத்தலைமுறை இல்லாத நிலையில் தங்கள் குருதி போதுமா என்று விஞ்ஞானிகளிடம் கேட்டார்கள். மேரி கிளேர் கிங் என்ற மரபியலாளரும் அவருடன் சேர்ந்தோரும் அந்தக் கேள்விக்காகவே பாட்டன் பாட்டி உறவுக்கான நிகழ்தகவுச் சுட்டியை உருவாக்கினார்கள். இங்கே முக்கியமானது, 1987இல் அந்நாடு சட்டம் இயற்றித் தேசிய மரபணு வங்கியை அமைத்ததுதான். குருதி கொடுத்த பாட்டிமாரில் பலர் இன்று இல்லை. அவர்கள் கொடுத்தது இருக்கிறது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள், அவர்களில் பலர் தம் பாட்டி இறந்து வெகுகாலத்துக்குப் பின்.

பொசுனியாவின் சிறெபிறெனிக்காவில் 1995 யூலையில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரில் பெரும்பான்மையோர் அடையாளம் காணப்பட்டுள்ளனர். அங்கே புதைகுழிகள் இயந்திரங்களால் கிளறப்பட்டு வேறிடங்களில் மீளப் புதைக்கப்பட்டதால் ஒருவரின் எலும்புகள் பல குழிகளில் கிடந்தன. உறவினரின் மாதிரிகள் ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே சேகரிக்கப்பட்டிருந்ததால்தான் அந்தச் சிக்கல் அவிழ்ந்தது. மன்னாரில் சதொச என்ற அரச விற்பனை நிலைய வளாகத்தில் 2018இல் மீட்கப்பட்ட எலும்புகளைப் பொறுத்தவரை நாங்கள் நீண்ட நாள், எலும்பு எக்காலத்தது என்று அளக்கும் கார்பன் காலக்கணிப்பைச் சுற்றியே வாதிட்டோம். காலக்கணிப்பு எப்போது என்ற கேள்விக்கு மட்டுமே விடை தரும்.

குருதிக்கு அடுத்தது நினைவு. இன்ன வயதில் கை முறிந்தது, இன்ன பல் கழற்றப்பட்டது, அன்று உடுத்திருந்த சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம் என்ற விவரங்கள் மரபணு முடிவோடு சேரும்போதுதான் அடையாளம் முழுமை பெறுகிறது. மருத்துவப் பதிவேடுகள் இடப்பெயர்வுகளில் அழிந்துபோன எங்கள் நிலையில், தாயின் நினைவே பதிவேடு. அந்த நினைவு இரண்டு வகையில் ஆபத்தில் இருக்கிறது. முதலாவது முதுமை மறதி. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணிகளாகப் பதினான்கை இனங்கண்டு, அவற்றை நீக்கினால் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டுள்ளது. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, செவிப்புலன் குறைவு, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பிள்ளையைத் தேடி அலைந்த, மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க வீட்டில் தனித்திருக்கும் ஒரு தாயிடம் இவற்றில் எத்தனை இருக்கும் என்று ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்புரைச் சத்திர சிகிச்சையும் காது கேட்கும் கருவியும் அழுத்த மாத்திரையும் இங்கே இருக்கும் வைத்தியசாலைகளால் கொடுக்கக்கூடியவையே.

இரண்டாவது ஆபத்து அதிகம் பேசப்படாதது. 1974இல் எலிசபெத் லொவ்ரஸ், ஜோன் பாமர் ஆகிய உளவியலாளர்கள் ஒரே வாகன விபத்துப் படத்தைப் பலருக்குக் காட்டி, சிலரிடம் வாகனங்கள் 'மோதியபோது' வேகம் என்ன என்றும் வேறு சிலரிடம் 'நொறுங்க மோதியபோது' வேகம் என்ன என்றும் கேட்டார்கள். இரண்டாவது வகையினர் கூடுதல் வேகத்தைச் சொன்னதோடு, ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகவும் கூடுதலானோர் சொன்னார்கள். கேட்கும் முறையே நினைவை மாற்றுகிறது. செம்மணியில் மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி நீதிமன்ற உத்தரவின்படி மக்களுக்குக் காட்டப்பட்டன. நீல நிறப் பாடசாலைப் பையின் படம் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் படத்தைப் பார்த்தபின் ஒரு தாய் சொல்லும் விவரமும் பார்க்கு முன் சொன்ன விவரமும் ஒரே பெறுமதி உடையவை ஆகா. அடுத்த காட்சிப்படுத்தலுக்கு முன்னரேனும், பயிற்சி பெற்றவர்கள் வீடு வீடாகச் சென்று, விடையைத் திணிக்காத கேள்விகளைக் கேட்டு, பேச்சை ஒலிப்பதிவாக எடுத்துத் திகதியிட்டு வைக்க வேண்டும்.

இதெல்லாம் எங்கள் ஊரில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நுளம்பு ஆய்வை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்தவர்கள் கரையோரத்தின் கைவிடப்பட்ட வள்ளங்களிலும் பாவிக்காத கிணறுகளிலும் எறியப்பட்ட பாத்திரங்களிலும் தேங்கிய உவர்நீரில் அதன் குடம்பிகளைக் கண்டுபிடித்து 2011இல் வெளியிட்டார்கள். கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு என்றால், ஏறத்தாழ 15 கிராம் உப்புள்ள நீரிலும் அவை இருந்தன. இந்தியாவின் நகர மலேரியா நுளம்பு 2016 இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்டதும் வழமையான நுளம்புக் கண்காணிப்பில் ஈடுபட்டவர்களால்தான். இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு அது. ஆண்டுக்காண்டு குடம்பிகளை எண்ணி, நீரின் உப்பை அளந்து எழுதி வைத்த கொப்பி இல்லாவிட்டால் இந்த மாற்றங்கள் நோயாளிகள் வடிவில்தான் எங்களுக்குத் தெரியவந்திருக்கும்.

அந்தக் கொப்பியிலுள்ள எண்களுக்குப் பொருள் தருவதும் கணிதமே. நுளம்பை முற்றாக ஒழிக்கத் தேவையில்லை, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தால் மலேரியா நோய் தானாக அற்றுப்போகும் என்று மலேரியா ஆய்வாளர் றொனால்ட் றொஸ் நூறாண்டுகளுக்கு முன்பே சமன்பாட்டால் காட்டினார். பின்வந்த ஜோர்ஜ் மக்டொனால்ட், நுளம்பின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுளே முக்கியம் என்றார். டெங்கு வைரசு நுளம்புக்குள் முதிர ஏறத்தாழப் பத்து நாள் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 90 சதவீதம் தப்பிப் பிழைக்கும் நுளம்புகளில் 35 சதவீதம் அந்தப் பத்து நாளைக் கடக்கும்; 80 சதவீதம் பிழைத்தால் கடப்பவை 11 சதவீதந்தான். மாரிக்கு முந்திய மாதங்களில் எதற்குப் பணம் செலவிட வேண்டும் என்பதை இந்தக் கணக்கு தீர்மானிக்கும், ஆனால் உள்ளூர் எண்கள் இருந்தால் மாத்திரமே.

காணாமற்போனோரின் குடும்பங்கள் ஏன் தயங்குகின்றன என்பதும் எனக்குத் தெரியும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்தவர்களுள் பலர் விடை கிடைக்காமலே இறந்துபோனார்கள். அரச அலுவலகங்களை நம்பிக் குருதி கொடு என்று எஞ்சியோரிடம் சொல்வது எளிதல்ல. ஆகவே மாதிரியும் பெயரும் ஒரே கையில் இருக்கக்கூடாது. குருதித் துளியைத் தாள் அட்டையில் உலரவைத்து ஈரம் புகாமல் பொதி செய்தால் குளிரூட்டி இல்லாமலே ஆண்டுக்கணக்கில் கெடாது. அட்டையில் குறியீட்டெண் மட்டும் இருக்கட்டும். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் நீதிமன்றத்தின் முத்திரையின் கீழ் வேறிடத்தில் இருக்கட்டும். இரண்டாவது அட்டை ஒன்று குடும்பத்திடமோ அவர்கள் நம்பும் சர்வதேச அமைப்பிடமோ இருக்கட்டும். காணாமற்போனோரை அடையாளம் காண்பதைத் தவிர வேறெதற்கும் அதைப் பயன்படுத்தலாகாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எலும்புகளைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் எது என்ற விவாதம் இன்னும் எத்தனை தவணைகள் நீண்டாலும் நீளட்டும். மாதிரி எடுப்பதற்கும் ஒலிப்பதிவுக்கும் அந்தத் தீர்மானம் தேவையில்லை. எழுபது வயதைக் கடந்தவர்களிலும் படுக்கையில் இருப்பவர்களிலும் தொடங்கி, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, மருத்துவ பீடமும் குடும்பங்களின் சங்கங்களும் நீதிமன்ற அனுமதியோடு இந்த வேலையை உடனே ஆரம்பிக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.