கிளாஸை நிரப்பும் கைகளுக்கு ஒரு திறந்த மடல்

விருந்து வைக்கிற நண்பர்களே,

வணக்கம். பாட்டிலைத் திறப்பது நீங்கள், ஐஸ் போடுவது நீங்கள், "என்னடா, இன்னும் அதையே வெச்சு உருட்டிட்டிருக்க?" என்று கேட்பதும் நீங்கள்தான். இந்த மடல் அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியது.

சட்டம் சொல்லும் வயதை எட்டாதவர் கையில் கிளாஸைக் கொடுக்கக் கூடாது. அதில் பேச ஒன்றுமில்லை. நான் பேச வந்தது, வயது வந்து, 'இன்னைக்கு ஒண்ணோட நிறுத்திக்கணும்' என்று முடிவுசெய்துகொண்டே கிளம்பி வருகிறவர்களைப் பற்றி. அவர்கள் எப்படி நாலாவது கிளாஸோடு சோபாவில் சரிந்து கிடக்கிறார்கள்? மனஉறுதி இல்லாத பயல்கள் என்று சொல்லிவிடலாம். நானும் சொன்னவன்தான். சொல்லிக்கொண்டே அவர்களுக்கு ஊற்றிக்கொடுத்தவனும்கூட.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தி 1993-ல் வெளியிட்டார்கள். வளாகத்தில் நடக்கும் குடி உனக்கு எவ்வளவு சம்மதம், மற்ற மாணவர்களுக்கு எவ்வளவு சம்மதம் இருக்கும் என்று கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான், ஆனால் மற்றவர்களுக்கு அப்படி இல்லை என்பதே பொதுவாக வந்த பதில். உறுத்தல் பலருக்கும் இருந்தது. தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதோடு நிற்கவில்லை. அந்த செமஸ்டர் முடிவதற்குள் ஆண் மாணவர்கள் தங்கள் கருத்தையே, மற்றவர்கள் நினைப்பதாகத் தாங்கள் கற்பனை செய்துகொண்ட கருத்தின் பக்கம் நகர்த்தியிருந்தார்கள். பெண்களிடம் அந்த நகர்வு இல்லை.

இல்லாத ஒரு கும்பலுக்குப் பயந்து குடிப்பது என்றால் இதுதான். அந்தக் கும்பல் எங்கிருந்து முளைக்கிறது என்றும் நமக்குத் தெரியும். விருந்தில் ஒருவன் மேசைமேல் ஏறி ஆடுவான். இருபது பேர் ஓரமாக ஒரே கிளாஸைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் போட்டோவிலும் கதையிலும் ஆடியவன் மட்டும்தான் இருப்பான்.

அடுத்தது வேகம். 1970-களில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளரும் அவரது சகாவும், ஒயினைச் சுவைத்து மதிப்பிடும் வேலை என்று சொல்லி மாணவர்களைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் உட்காரவைத்த ஆள் அதிகம் குடித்தால் மாணவர்களும் அதிகம் குடித்தார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. நம் ரவுண்டு முறையோ இதற்கும் ஒரு படி மேலே. வேகமாகக் குடிக்கிறவன் கிளாஸ் காலியானதும் எல்லார் கிளாஸுக்கும் பாட்டில் வந்துவிடுகிறது. பாதி இருக்கும்போதே நிரப்பிவிட்டால் எத்தனை குடித்தோம் என்ற கணக்கும் போச்சு. ஆனால் உடம்பு கணக்கை விடுவதில்லை. சுமார் 14 கிராம் ஆல்கஹாலை, அதாவது அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்'கை, கரைக்கவே கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். கடுங்காப்பியோ குளிர்ந்த தண்ணீரில் குளியலோ அதை விரைவுபடுத்தாது.

ஒன்றிரண்டு கிளாஸ் ஆபத்தில்லை என்று நான் வக்காலத்து வாங்குவதாகவும் நினைக்க வேண்டாம். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. ஆனால் குறைவாகக் குடிக்க நினைத்து வந்தவனை அதிகம் குடிக்கவைத்து அனுப்புகிற பாவம் நமக்கு எதற்கு?

என் நண்பன் ஒருவன் சோடாவில் எலுமிச்சைத் துண்டு போட்டு, ஓட்கா என்று சொல்லி மூன்று வருடம் எங்களோடு 'குடித்தான்'. குட்டு உடைந்த இரவில் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் இன்னொருவன் மெதுவாகச் சொன்னான், "என்னுதும் பாதி நாள் சோடாதான்." முதல் ஆள் வாயைத் திறக்கும்வரை இரண்டாவது ஆளும் திறக்கவில்லை. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், ஒரு கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு எது என்று கூட்டத்தில் வைத்துக் கேட்ட சோதனையில் கண்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்: எல்லாரும் தப்பான கோட்டைக் காட்டும்போது ஒரே ஒருவர் சரியானதைச் சொன்னாலும், கூட்டத்தோடு ஒத்து ஊதுவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

எனக்கு இன்றும் கூசுவது அவன் ஏமாற்றியதை நினைத்து இல்லை. எங்கள் நடுவில் சோடா குடிக்க ஒருவன் வேஷம் கட்ட வேண்டியிருந்ததே, அதை நினைத்துத்தான்.

ஆகவே கேட்கிறேன். வந்தவர்களுக்கு முதலில் சாப்பாட்டைப் போடுங்கள். தண்ணீரையும் சோடாவையும் ஜூஸையும் சமையலறையில் ஒளித்துவைக்காமல் பாட்டில்கள் இருக்கும் அதே மேசையில், அதே கிளாஸ்களோடு வையுங்கள். கேட்காமல் யாருக்கும் ஊற்றாதீர்கள். வேண்டாம் என்றவனிடம் ஏன் என்று கேட்காதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறானோ, வண்டி ஓட்டணுமோ, பிடிக்கவே இல்லையோ, அது அவன் பாடு. முக்கியமாக, முதல் சோடாவை நீங்களே எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் போய் நில்லுங்கள். கூச்சமாக இருந்தால் என்னையும் கூப்பிடுங்கள், பக்கத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு காலத்தில் நிறைய ஊற்றிக்கொடுத்தவன்