ஞாயிறு உபின் தீவுப் பயணம்: கவனிக்க

வணக்கம் மக்களே. காலை 7.30க்குச் சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் கூடுவோம். படகில் 12 பேர்தான். நாம் 17 பேர். இரண்டாவது படகில் வருபவர்கள் ஆள் சேரும்வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும். கட்டணத்துக்குச் சில்லறையாகக் கொண்டு வாருங்கள்.

முக்கியமாகப் பார்க்கப்போவது தீவிலுள்ள செக் ஜாவா சதுப்புக் கரை. 2001இல் மண் கொட்டி மூடவிருந்த கரை, மக்கள் குரல் கொடுத்ததால் தப்பியது. கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் நாள் குறித்திருக்கிறோம், தாமதம் வேண்டவே வேண்டாம். பலகைப் பாதையில் நின்றே நண்டு, கடல் நட்சத்திரம் பார்க்கலாம். (போன முறை எனக்குச் சேறுதான் தெரிந்தது!) அங்கே ஏறிப் பார்க்கும் ஜெஜாவி கோபுரம் சுமார் 20 மீட்டர் உயரம், முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே உட்காரலாம்.

காட்டுப்பன்றிகள் உலாவும், சாப்பாட்டுப் பையைத் தரையில் வைக்காதீர்கள். வாடகை சைக்கிள் வேண்டியவர்கள் இன்றிரவுக்குள் பெயர் போடுங்கள்.